இமயமலையின் முதல் பனியும் பனிச்சரிவும்: மலையேறுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்டோபர் முதல் டிசம்பர் இறுதி வரையிலான மாதங்களில் காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் மலைகளுக்கு மலையேற்றத்துக்கோ பனிச்சறுக்குக்கோ செல்ல நினைப்பவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இவை. கண்காணிப்பும் மீட்புக் குழுவும் உள்ள சறுக்குத் தளங்களைப் பற்றியவை அல்ல. அவற்றின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் உள்ள திறந்த மலையைப் பற்றியவை.

பனிக்காலம் இப்போதுதான் தொடங்குகிறது. முழங்கால் அளவுகூடப் பனி இல்லாதபோது பனிச்சரிவு எப்படி ஏற்படும்?

பனியின் ஆழம் பனிச்சரிவுக்கு முதன்மையான நிபந்தனை அன்று. போதிய அளவு செங்குத்தான மலைச்சரிவு, அதன்மேல் ஒரே துண்டாக இறுகிய பனிப் பலகை, அந்தப் பலகைக்கு அடியில் வலுவற்ற ஓர் அடுக்கு, அதை உடைக்கப் போதுமான ஒரு சுமை ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும். அந்தச் சுமை பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை. பொழுதுபோக்குக்காக மலைக்குச் சென்று பனிச்சரிவில் இறந்தவர்களைப் பற்றிய வட அமெரிக்க, ஐரோப்பியப் பதிவுகளைப் பார்த்தால், ஏறத்தாழ பத்தில் ஒன்பது விபத்துகளில் சரிவைத் தூண்டியவர் இறந்தவரோ அவருடன் வந்தவரோதான்.

ஆழம் குறைவு என்பதால் எடையும் குறைவு என்று எண்ண வேண்டாம். 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 30 செ.மீ. மட்டுமே தடிமன் கொண்ட ஒரு பலகையை எடுத்துக்கொண்டால் அதன் கன அளவு 120 கன மீட்டர். காற்றால் இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்று குறைத்து மதிப்பிட்டாலும் மொத்தம் 24 டன். மேலும், நடுக்குளிர்காலத்தில் ஆழமான பனிக்கு அடியில் மறைந்துவிடும் பாறைகளும் மரக்கட்டைகளும் தொடக்க மாதங்களில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், சிறிய சரிவில் இழுத்துச் செல்லப்படுபவர்கூட மூச்சுத்திணறலுக்கு முன்பே தலையிலும் மார்பிலும் அடிபட்டு இறக்க நேரிடுகிறது.

முதலில் விழுந்த பனி ஏன் வலுவிழந்துபோகிறது? நாளாக ஆக அது இறுக வேண்டாமா?

ஆழமான பனி இறுகும். மெல்லிய பனி, குளிர்ந்த வானத்தின் கீழ், இறுகாது. காரணம் வெப்பநிலை வேறுபாடு. பனிக்கு அடியில் உள்ள நிலம் கோடையின் வெப்பத்தைத் தேக்கிவைத்திருப்பதால் பனியின் அடிப்பகுதி பெரும்பாலும் 0 டிகிரிக்கு அருகிலேயே இருக்கிறது. மேகமற்ற நவம்பர் இரவில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பனி ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தால் அந்த 15 டிகிரி வேறுபாடு மீட்டருக்கு 10 டிகிரி என்று பரவிவிடும். அதே வேறுபாடு வெறும் 30 செ.மீ. பனிக்குள் அடைபட்டால் மீட்டருக்கு 50 டிகிரி. மீட்டருக்கு 10 டிகிரி என்ற அளவைத் தாண்டும்போது கீழிருந்து நீராவி வேகமாக மேலேறி, துகள்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்த பிணைப்புகளைக் கரைத்து, கோணல் முகங்கள் கொண்ட பெரிய படிகங்களாக அவற்றை மாற்றிவிடுகிறது. இதற்குச் சில வாரங்கள்கூட வேண்டியதில்லை. தொடர்ந்து தெளிவான வானமும் கடுங்குளிரும் இருந்தால் சில நாட்களிலேயே மாற்றம் தொடங்கிவிடும்.

பனிச்சறுக்காளர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். கையுறையால் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள்: உருண்டையாகாது, விரல் இடுக்குகள் வழியே சரசரவென்று உதிரும். நிழலான ஒரு மேட்டில் குழி தோண்டினால், மேலே உள்ள பனியை மண்வெட்டி நேராக வெட்டிக்கொண்டு போகும். தரையை நெருங்கும் கடைசிச் சாண் மட்டும் குழிக்குள் தானாகக் கொட்டும். அடுத்த பெரும் பனிப்பொழிவு வந்து அமரப்போவது அந்தக் கடைசிச் சாணின்மேல்தான்.

எந்தப் பக்கச் சரிவுகளில் ஆபத்து அதிகம்?

தொடக்க மாதங்களைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்த விடையை வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு இமயமலை ஏறத்தாழ 30 முதல் 36 பாகை வட அட்சரேகைக்குள் இருப்பதால், நவம்பரிலும் வெயில் தெற்கு முகங்களில் உறைக்கிறது. அக்டோபரில் விழுந்த பனி அங்கே உருகி, வெறும் புல்லும் கல்லுமாகிவிடும். வடக்கு, வடகிழக்கு முகங்களிலோ, வெயில் படாத உயரமான பள்ளங்களிலோ அது அப்படியே தங்கி, மேலே சொன்னவாறு வாரக்கணக்கில் உதிரித் துகள்களாகிக் கிடக்கும்.

டிசம்பரில் முதல் பெரிய பனிப்பொழிவு வரும்போது, பழைய பனி இல்லாத தெற்கு முகத்தில் புதுப்பனி நேரடியாக நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. அதன் ஆழம் சறுக்கப் போதாது. வடக்கு முகத்திலோ பழையதும் புதியதும் சேர்ந்து நல்ல ஆழமும் மென்மையும் கொண்ட, பார்த்தவுடன் இறங்கத் தூண்டும் பரப்பு கிடைக்கிறது. ஆகவே சறுக்குபவர்களும் மலையேறுபவர்களும் இயல்பாக நாடிச் செல்லும் சரிவுகளும், அடியில் கெட்டுப்போன பனி ஒளிந்திருக்கும் சரிவுகளும் இந்த மாதங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. பிப்ரவரியில் மலை முழுவதும் பனி மூடிய பிறகு மாற்று வழிகள் பல இருக்கும். டிசம்பரில் ‘நல்ல பனி உள்ள இடம்’ என்று யாராவது சொன்னால், அங்கே ஏன் பனி நிற்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

இதைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி, பெரும் பனிப்பொழிவுக்கு முந்தைய நாட்களில் எடுத்த புகைப்படங்கள். எந்தெந்தச் சரிவு வெள்ளையாக இருந்தது, எது பழுப்பாக இருந்தது என்பதைக் காட்டும் ஒரு படம், பனி எல்லாவற்றையும் மூடிய பிறகு கிடைக்கும் எந்தத் தகவலைக் காட்டிலும் பயனுள்ளது.

அக்டோபர்தான் இமயமலைக்கு மிகவும் உகந்த மாதம் என்கிறார்களே?

வானம் தெளிந்த அக்டோபருக்கு அது பொருந்தும். ஆனால் பருவமழையின் கடைசி நாட்களும், வங்கக்கடல் புயல்களின் எச்சமும், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் வானிலை அமைப்புகளும் உயரமான பகுதிகளில் திடீரென்று ஒரு மீட்டருக்கும் மேல் பனியைக் கொட்டக்கூடிய காலமும் அதுவே. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் ஈரம் இரண்டே நாட்களில் நேபாளத்தை எட்டியது. அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரமுள்ள தொராங் லா கணவாயையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் தாக்கிய பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று சென்னையில் செய்தி ஓடும் வாரத்தில் நேபாளக் கணவாய்களைக் கடக்கத் திட்டமிட்டிருப்பவர்கள் அந்தச் செய்தியைத் தங்களுக்கானதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு, 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டண்டா-2 சிகரப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கியது. 29 பேர் இறந்தனர். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் ஏறியிருந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பலர் கீழே இருந்த பனிப்பிளவுக்குள் விழுந்தனர். பனிச்சரிவின் அளவைப் போலவே, அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதால், பனிப்பிளவு, ஓடைப் பள்ளம், பாறை விளிம்பு ஆகியவற்றுக்கு மேலே உள்ள சிறிய சரிவையும் பெரிய சரிவாகவே கருத வேண்டும்.

பனி பெய்யவே இல்லை. காற்று மட்டும்தான் வீசியது. அதனால் ஆபத்து கூடுமா?

கூடும். ஏற்கெனவே கிடக்கும் தளர்ந்த பனியை முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து வாரிக்கொண்டு போய் மறுபக்கத்தில் காற்று குவிக்கிறது; பனிப்பொழிவைக் காட்டிலும் பல மடங்கு வேகத்தில் இந்தக் குவிப்பு நடக்கலாம். அப்படிக் குவிந்தது மழமழப்பாக, உப்பிய தலையணை போன்ற வடிவில், தட்டினால் உள்ளீடற்ற ஒலி எழுப்புவதாக இருக்கும். முகட்டின் ஓரத்தில் காற்றால் நீண்டு தொங்கும் பனி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் குவிப்பு நடந்திருக்கிறது. அந்தத் தொங்கல் பனியின்மேல் நின்று படம் எடுக்க வேண்டாம். நாம் எதிர்பார்ப்பதைவிட மிகவும் பின்னால் அது முறியும்.

எவ்வளவு செங்குத்தாக இருந்தால் ஆபத்து?

பனிப் பலகை உடைந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள மலைச்சரிவுகளில் தொடங்குகின்றன. 38 பாகையை ஒட்டி அவை மிகுதி. கண்ணளவை நம்பக் கூடாது. கைபேசியில் உள்ள சாய்வுமானிச் செயலியை ஊன்றுகோலின்மேல் வைத்து அளந்தால் போதும். 30 பாகைக்குக் குறைவான நிலத்தில் சரிவு தொடங்குவது அரிது என்றாலும், மேலே உள்ள செங்குத்துப் பகுதி உடைந்து நம்மீது வந்து விழுவது அரிதல்ல. வலுவற்ற அடுக்கு அடியில் இருக்கும்போது, சமதளத்தில் நடப்பவர்கூடத் தனக்கு மேலே பல மீட்டர் தொலைவில் உள்ள சரிவை உடைத்துவிட முடியும். கூடாரம் அடிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

காட்டு வழியே சென்றால் பாதுகாப்புதானே?

அடர்ந்த காடு பாதுகாப்புத் தரும். மரங்களுக்கிடையே எளிதாகச் சறுக்கிச் செல்ல முடிகிறது என்றால், பனிச்சரிவும் எளிதாகச் செல்ல முடியும் என்று பொருள். ஒரு பக்கக் கிளைகள் மட்டும் முறிந்த தேவதாரு மரங்களையும், காட்டின் நடுவே நேர்க்கோடாக இறங்கும் வெற்றுப் பாதையையும் கண்டால், முன்பு சரிவு வந்த வழி அது.

மலையே தரும் அபாய அறிகுறிகள் எவை?

அக்கம்பக்கச் சரிவுகளில் ஓரிரு நாட்களுக்குள் நடந்த பனிச்சரிவின் சுவடு எல்லாவற்றிலும் தெளிவான அறிகுறி. அடுத்தது ஒலி. பனியில் கால் வைக்கும்போது காலடியில் ‘தொம்’ என்று ஓர் அமுங்கிய ஓசை எழுந்து, சுற்றிலும் உள்ள பரப்பு ஒரு விரல் அளவு இறங்குவதை உணர்ந்தால், அடியில் உள்ள வலுவற்ற அடுக்கு அப்போதே நொறுங்கிவிட்டது என்று பொருள். நீங்கள் சமதளத்தில் நிற்பதால் மட்டுமே சரிவு நிகழவில்லை. காலணியின் முனையிலிருந்து கண்ணாடி விரிவதுபோல் கீறல் ஓடுவதும் அதே எச்சரிக்கைதான். இவ்விரண்டில் எதைக் கண்டாலும் அன்றைய திட்டத்தை 30 பாகைக்குக் குறைந்த நிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஒரே இரவில் 30 செ.மீ.க்கு மேல் புதுப்பனி, பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகியவையும் தனித்தனியே போதுமான காரணங்கள்.

குழி தோண்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்கலாமா?

சோதனை நல்லது, ஆனால் ஒருபக்கமாக மட்டுமே நம்பத்தக்கது. 90 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் கொண்ட பனித் தூணை வெட்டி, ஒரு முனையில் மண்வெட்டியை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து எனத் தட்டும் முறை பரவலாக உள்ளது. தட்டும்போது கீறல் தூணின் முழு அகலத்துக்கும் ஓடினால், அந்தச் சரிவுக்குச் செல்லக் கூடாது. ஓடவில்லை என்றால் செல்லலாம் என்று பொருள் கொள்ள முடியாது. தொடக்க மாதங்களில் பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு விடை கிடைக்கும்.

அரசு வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கை போதாதா?

பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின்கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் மாவட்டவாரியாக, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் என்று வரையறுத்து எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படுவதற்கு முன் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு மாவட்டத்துக்கான எச்சரிக்கை, நீங்கள் கடக்கப்போகும் வடக்கு நோக்கிய பள்ளத்தைப் பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை. ‘குறைந்த அபாயம்’ என்பது அபாயமின்மை அன்று.

நேற்று ஒரு குழு அதே சரிவில் சென்ற தடம் தெரிகிறதே?

அந்தத் தடம், நேற்று அவர்கள் மிதித்த புள்ளிகளில் அடுக்கு உடையவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. ஆழம் சீரற்ற தொடக்கப் பனியில், பாறையை ஒட்டியோ மேட்டின் விளிம்பிலோ பனி மெலிந்திருக்கும் இடத்தில் காலின் அழுத்தம் வலுவற்ற அடுக்கை நேரடியாக எட்டும். பத்துப் பேர் கடந்த பிறகு பதினோராவது நபர் அந்த இடத்தை மிதிப்பது நடந்திருக்கிறது. பாறை தெரியும் இடம் பிடிமானமானது என்று அதை நோக்கி ஒதுங்கும் வழக்கமும் இங்கே எதிர்விளைவைத் தரும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பி, புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன் கருவி, பனிக்குள் குத்தித் தேடுவதற்கான, மடித்து வைக்கக்கூடிய புரோப் கம்பு, உலோகத் தகடு கொண்ட மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை. குல்மார்கில் இவற்றை வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. பருவத்தின் முதல் பயணம் என்றால், கோடை முழுவதும் பெட்டியில் கிடந்த பீக்கனின் மின்கலப் பெட்டியைத் திறந்து, உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஆல்கலைன் மின்கலங்களைப் போடுங்கள். புறப்படும் இடத்தில் ஒவ்வொருவரின் பீக்கனும் சமிக்ஞை அனுப்புகிறதா என்று சோதித்த பிறகே நடக்கத் தொடங்க வேண்டும். கைபேசியைப் பீக்கனிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடப்பதும், மற்றவர்கள் சரிவு எட்டாத இடத்திலிருந்து அவரைக் கண்ணெடுக்காமல் பார்ப்பதும் செலவில்லாத கருவிகள். சுற்றுலாக் குழுக்கள் எளிதில் கைவிடுவதும் இவற்றையே.

சியாச்சினில் ஒருவர் ஆறு நாட்கள் புதைந்திருந்தும் உயிருடன் மீட்கப்பட்டாரே?

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தனர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் காலமானார். அவர் கூடாரத்துக்குள் இருந்தபோது புதைந்ததால் மூச்சுவிடக் காற்று இடைவெளி கிடைத்தது. அந்த நிகழ்வு விதிவிலக்கு. அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நேரடியாகப் பனிக்குள் புதைபவர்களில், முதல் 10 நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்டால் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பிழைக்கின்றனர். அரை மணி நேரத்தை நெருங்கும்போது அது மூன்றில் ஒன்று என்ற அளவுக்குச் சரிந்துவிடுகிறது. கீழே உள்ள கிராமத்திலிருந்து உதவி வர ஆகும் நேரத்தை இதோடு ஒப்பிட்டால், காப்பாற்றக்கூடியவர்கள் அங்கேயே நிற்கும் தோழர்கள் மட்டும்தான் என்பது விளங்கும்.

அப்படியானால் தோழர்கள் என்ன செய்ய வேண்டும்?

அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, மேலிருந்து இன்னொரு சரிவு வரக்கூடுமா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, எல்லாப் பீக்கன்களையும் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவருடையது அனுப்பும் நிலையிலேயே இருந்தால் தேடுபவர்கள் அவரையே சுற்றிச் சுற்றி வருவார்கள். பீக்கன் காட்டும் தூர எண் மிகக் குறைவாக உள்ள இடத்தில் புரோப்பைப் பனிக்குச் செங்குத்தாகக் குத்தி, வட்டமாக விரித்துக்கொண்டே போக வேண்டும். உடலைத் தொட்டதும் கம்பை அப்படியே விட்டுவிடுங்கள். புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து கம்பை நோக்கித் தோண்டுங்கள். கம்புக்கு நேர்மேலே நின்று தோண்டினால் அவரது காற்று இடைவெளி நசுங்கும். நின்றுபோன சரிவுப்பனி இறுகிவிடும் என்பதால், தேடுவதைக் காட்டிலும் தோண்டுவதற்கே அதிக நேரம் ஆகும். ஆட்களை மாற்றி மாற்றித் தோண்டச் செய்யுங்கள். முதலில் முகத்தையும் வாயையும் விடுவியுங்கள்.

தொலைத்தொடர்பு?

அவசர எண் 112. ஆனால் பிற மாநிலங்களின் ப்ரீபெய்ட் சிம்கள் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்குவதில்லை. போஸ்ட்பெய்ட் எடுத்துச் செல்லுங்கள். வெளிநாடுகளில் வழக்கமாகிவிட்ட செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை உரிய அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

பனியின் அடியில் உள்ள வலுவற்ற அடுக்கு எப்போது வலுப்பெறும்?

எந்த மலைத்தொடர் என்பதைப் பொறுத்தது. குல்மார்க், மணாலி ஆகியவை அமைந்துள்ள பீர் பஞ்சாலில் பனிப்பொழிவு மிகுதி, குளிர் ஒப்பளவில் குறைவு. ஜனவரியில் அடுத்தடுத்து விழும் பனியின் எடையும் போர்வையும் சேர்ந்து சில வாரங்களில் அடி அடுக்கைத் தேற்றிவிடும் வாய்ப்பு உண்டு. லடாக், காரகோரம் பக்கம் பனி குறைவு, குளிர் கடுமை. அங்கே நவம்பரில் கெட்ட அடுக்கு வசந்தம் வரை கெட்டதாகவே கிடக்கலாம். இதே இயல்புள்ள அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 2020-21 குளிர்காலத்தின் தொடக்கப் பனி வலுவிழந்து கிடந்தது. டிசம்பரில் தொடங்கிய விபத்துகள் பிப்ரவரியிலும் ஓயவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அம்மாநிலத்தில் மட்டும் 12 பேரும், அமெரிக்கா முழுவதும் 37 பேரும் இறந்தனர். ஆகவே ‘பருவத் தொடக்கம் முடிந்துவிட்டது’ என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழியின் அடியில் உள்ள துகள்கள் கையில் உருண்டையாகத் தொடங்கிவிட்டனவா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வழிகாட்டி ‘ஒன்றும் ஆகாது, வாங்க’ என்கிறார். அவரை எதிர்த்துப் பேசுவது முறையா?

அவர் அந்த மலையில் வளர்ந்தவர்; பாதையையும் வானிலையையும் நம்மைவிட நன்கு அறிந்தவர். அதற்காகக் கேள்வி கேட்கக் கூடாது என்பதில்லை. அக்டோபர் பனி இந்தச் சரிவில் தங்கியிருந்ததா, கடைசிப் பனிப்பொழிவுக்குப் பின் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, பனிச்சரிவு வந்தால் எங்கே போய் நிற்கும், குழுவில் எத்தனை பீக்கன்கள் உள்ளன என்று மரியாதையாகக் கேளுங்கள். தேர்ந்த வழிகாட்டி இவற்றை விரும்பி விளக்குவார். முன்பணம் கட்டியாயிற்று, விடுமுறை முடிகிறது, மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்ற காரணங்கள் மட்டுமே விடையாக வந்தால், முகட்டு வழியே சுற்றிச் செல்லும் பாதையைக் கேளுங்கள். அப்படி ஒரு பாதை இல்லையென்றால் அன்று முகாமிலேயே தங்கிவிடுவதாகச் சொல்லிவிடுங்கள்.